நூற்று எண்பத்தேழு வோல்ட்

அந்தக் கம்பியில் கை வைக்காதீர்கள், சார். இப்போது பஸ்ஸிலிருந்து இறங்கிப் போனானே, அவன் போண்டா தின்றுவிட்டு அதில்தான் துடைத்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையில் காகிதம் இருக்கிறது, இடுப்பில் வேட்டி இருக்கிறது, இரண்டையும் விட்டுவிட்டுக் கம்பியில் துடைக்கிறான். என்ன ஜனங்களோ. இப்படித் தள்ளி உட்காருங்கள்.

விருத்தாசலமா? நானும் அங்கேதான். என் மனைவி அங்கே தன் தம்பி வீட்டில் இருக்கிறாள். ஒன்றரை மாதமாகிறது. பொங்கலுக்கும் வரவில்லை. அழைத்துவரப் போகிறேன். சண்டையா? சேச்சே. முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. இது ஒரு ஜெனரேட்டர் விஷயம். சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

நான் எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவன். உமாபதி வருகிறான் என்றால் சிதம்பரம் கடைவீதியில் தராசெல்லாம் தானாக நேரே நிற்கும். முப்பத்தொரு வருஷம் நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: மேலே எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. எடைக்கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மெழுகை அடைத்திருப்பான். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருப்பான். கருவாட்டுக் கடைத் தட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம். மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாப்பிடும்போது விரலில் அந்த நாற்றம் வந்து நிற்கும். இத்தனை வருஷத்தில் ஒரு கடையில் ஒரு வாய் காபி குடித்ததில்லை நான். ஒருவன் வலிய வந்து நல்லது செய்கிறானா, நாற்றம் பிடித்தவன் என்றுதான் அர்த்தம். அப்படித்தான் நான் கற்றுக்கொண்டது.

மனைவி பெயர் சௌந்தரவல்லி. அவளுக்கு நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பேறிக் கெட்டியாகிக்கொண்டு வருகிறது. போன சித்திரையில் டாக்டர் சொல்லிவிட்டார், இனி ராப்பகலாக ஆக்சிஜன் மெஷின் வேண்டும் என்று. சின்னப் பெட்டிதான். காற்றை இழுத்து வடிகட்டி மூக்குக் குழாயில் கொடுக்கும். கரண்ட் இருக்கிறவரை அது டாக்டர். கரண்ட் போய்விட்டால் வெறும் பெட்டி. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, இரண்டரை மணி நேரம் தாங்கும். அவசரத்துக்கு ஒரு சிலிண்டர். "இதெல்லாம் பத்தாது, சின்னதா ஒரு ஜெனரேட்டர் வாங்கி வெச்சிடுங்க, தள்ளிப்போடாதீங்க" என்றார் டாக்டர்.

நான் தள்ளிப்போடவில்லை. மறுநாளே ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு பலகை செய்தேன். அதில் பத்து ஹோல்டர், பத்து குண்டு பல்பு, ஒவ்வொன்றும் நூறு வாட். இப்போதெல்லாம் குண்டு பல்பு கிடைப்பதில்லை, புவனகிரியில் ஒரு பழைய கடையில் தேடிப் பிடித்தேன். ஆயிரம் வாட் என்று ஜெனரேட்டரில் எழுதியிருந்தால் பத்து பல்பும் பளிச்சென்று எரியவேண்டும். அவ்வளவுதானே? அதில் என்ன தப்பு?

முதல் கடையில் பையன் ஒருத்தன் பான்பராக் வாயோடு வந்தான். பேசினால் சிவப்பாகத் தெறிக்கிறது. "ஆயிரம் வாட் சார், கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றான்.

"கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவர்களுக்காகத்தான் அப்பா எனக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது" என்றேன். பலகையை மாட்டினேன். எட்டு பல்பு எரிந்தது. ஒன்பதாவதைப் போட்டதும் இன்ஜின் முனக ஆரம்பித்தது. பத்தாவதுக்கு எல்லாமே காமாலைக் கண் மாதிரி மஞ்சளித்துப் போயின. அவன் என்ன சொல்கிறான் தெரியுமா? "அது பீக் வாட் சார், இது ரன்னிங் வாட்." எனக்கு நாக்கெல்லாம் கசந்துவிட்டது. ஒரு கிலோ சர்க்கரை கேட்டால், இது உச்சக் கிலோ, அது ஓடுகிற கிலோ என்பானா?

இரண்டாவது கடையில் பத்தும் எரிந்தது. ஒத்துக்கொள்கிறேன். கல்யாண மண்டபம் மாதிரி எரிந்தது. ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலில் மூன்று மணி நேரம் ஓடும் என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தான். நான் என் அளவுக் குவளையில் சரியாக ஒரு லிட்டர் ஊற்றச் சொல்லிக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். புகை முழுக்க என் மூஞ்சியில். முதலாளி வந்து வந்து பார்த்தார். "சார், எங்க மாமனார் காரியத்துக்குக்கூட நான் இவ்ளோ நேரம் ஒரே எடத்துல ஒக்காரல" என்றார். இரண்டு மணி இருபது நிமிஷம். அவ்வளவுதான் ஓடியது. எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாவது கடையில் 'சத்தமே வராது' என்று எழுதியிருந்தது. போட்டால் தெருநாய் எல்லாம் எழுந்து நின்று அதைப் பார்த்துக் குரைக்கிறது.

இப்படி கடலூர், விழுப்புரம், பாண்டிச்சேரி. பலகையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். பதினோரு கடை, சார். பதினோரு கடையிலும் ஏதாவது ஒரு பொய். ஒருவன்கூட எழுதியதைச் செய்யவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் நான் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருகிறேன். சௌந்தரம் கேட்டாள், "பத்து பல்புல எனக்கு எத்தனைங்க?"

"உன் மெஷினுக்கு நாலு பல்பு கரண்ட் போதும்."

"அப்ப மொத கடையிலேயே எட்டு எரிஞ்சுதுன்னீங்களே."

"எட்டு எரிந்தது. எழுதியிருந்தது பத்து."

அவளுக்குப் பேச்சுக்கும் மூச்சு வேண்டுமே, சிக்கனமாகத்தான் பேசுவாள். ஆனால் ஒரு பார்வை பார்த்தாள். கொள்கை என்பதெல்லாம் பெண்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்கள் அல்லவா, அன்றைக்கு அவள் சிலிண்டரில் இருப்பாள். நான் பக்கத்தை விட்டு நகரமாட்டேன். டாக்டர் நிமிஷத்துக்கு இரண்டு லிட்டரில் வைக்கச் சொல்லியிருந்தார். சிலிண்டர் சாயங்காலம் வரை வரவேண்டுமே என்று நான் திருகைக் கொஞ்சம் குறைத்து ஒன்றரையில் வைப்பேன். அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் பயப்படுவாள். குடும்பம் நடத்துவது என்றால் இப்படியெல்லாம் பார்த்துத்தானே நடத்தவேண்டும்?

கார்த்திகையில் புயல் வந்தது. உங்கள் பக்கமும் அடித்திருக்குமே. எங்கள் தெருவில் பதினேழு கம்பம் சாய்ந்தது. காலையில் போன கரண்ட். மத்தியானத்துக்குள் இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தி ஓய்ந்தது. சிலிண்டரைத் திறந்தேன். ஒன்றரை. இருட்டியதும் ஒன்று. மறுநாள் விடியும்போது சிலிண்டர் முள் பூஜ்யத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

இப்போது பக்கத்து வீட்டைச் சொல்லவேண்டும். சொல்லவே வாய் கூசுகிறது. கலியபெருமாள் என்று ஒருவன். மீன் வியாபாரி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் தராசுக்கு அடியிலிருந்து காந்தத்தைப் பிடுங்கியவன் நான்தான். தராசை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், கேஸ் போட்டேன். ரிட்டயராகி ஆசையாக ஒரு வீட்டைக் கட்டிக் குடிபோனால், பக்கத்து மனையில் அவன்! விதியைப் பாருங்கள். வாசலில் வலை மூட்டை, ஐஸ் பெட்டி, சாக்கடையில் செதில் மினுங்கிக்கொண்டு ஓடும். கொல்லைப் பக்கத்து ஜன்னலை நான் திறந்ததே இல்லை. மீன் வைக்கிற ஃப்ரீசருக்காக அவன் ஒரு ஜெனரேட்டர் வைத்திருந்தான். எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியாது. பெயிண்ட் உரிந்து, எண்ணெய் வடிந்து, கயிறு போட்டு இழுத்தால் ஊரே அதிரும். அதில் ஒரு எழுத்தும் கிடையாது, ஒரு நம்பரும் கிடையாது. எழுதியதையே செய்யாதவர்களைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். எழுதவே எழுதாதவனை எப்படி நம்புவது?

அன்றைக்குக் காலை அந்தக் கலியபெருமாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "சார், ஒயர் போடறேன், அக்கா மிசினை மாட்டிக்குங்க" என்று கறுப்பு ஒயர் ஒன்றைத் தூக்கி எறிந்தான். நான் கேட்கவில்லை. என் மனைவிக்கு இப்படி என்று நான் யாரிடமும் சொன்னதும் இல்லை. பெண்கள் மதிலோரம் பேசிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

ஒயர் முழுக்கப் பிசுபிசுப்பு. காகிதத்தால் பிடித்து உள்ளே கொண்டுவந்தேன். மெஷினில் மாட்டுவதற்கு முன்னால் என் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தேன். நூற்று எண்பத்தேழு. சார், இருநூற்று முப்பது இருக்கவேண்டிய இடத்தில் நூற்று எண்பத்தேழு! நாற்பத்து மூன்று குறைவு. கரண்டிலும் காந்தம் ஒட்டுவானா இவன்? மெஷின் கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது? மறுபடியும் வைத்துப் பார்த்தேன். நூற்று எண்பத்தெட்டு. மறுபடியும் நூற்று எண்பத்தேழு. "கலியபெருமாள், அளவு குறைகிறது" என்று சத்தம் போட்டேன். "மாட்ட முடியாது. ஒயரை எடுத்துக்கொள்."

அப்போதுதான் அவன் மனைவி அஞ்சலை என் வீட்டுக்குள் வந்தாள். செருப்பில்லாத கால், முழங்கால் வரை சேறு. சமையல்கட்டு வழியாக, சார். சாமி படம் இருக்கிற சமையல்கட்டு. பார்த்தாளா, கேட்டாளா, ஒன்றும் கிடையாது. நேரே வந்தாள்.

"சார், அந்த மீட்டர கீழ வைங்க. அக்கா மூஞ்சப் பாருங்க."

நான் பார்த்தேன். உதடு நாவல்பழம் தின்றமாதிரி இருந்தது. கை நகமும் அப்படித்தான். வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள், சத்தம் வரவில்லை. எத்தனை நேரமாக அப்படி இருந்தாளோ. நான் மீட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அது நடுங்காமல் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் நம்பர் சரியாக நிற்காது.

அஞ்சலை மெஷினைத் தூக்கித் தண்ணீர்க்குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஏய், நாற்காலியக் கொண்டா" என்று புருஷனைக் கூப்பிட்டாள். அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் சௌந்தரத்தை உட்காரவைத்து, இன்னொருவனையும் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் வீட்டிலிருந்து, என் மனைவியை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாங்க சார்" என்றான், அது கேட்பதாகுமா? நான் போகவில்லை. அந்த வீட்டுக்குள் எப்படிப் போவது?

நாலு நாள் அங்கே இருந்தாள். தினம் காலையில் நான் மதிலோரம் நின்று விசாரிப்பேன். "என்ன சாப்பிட்டாள்?"

"ரசம் சாதம் சார். புது ஏனத்துலதான் வெச்சேன், பயப்படாதீங்க. எங்க சட்டி எதுவும் படல" என்பாள் அஞ்சலை. சொல்லிவிட்டுச் சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாது.

"வோல்ட் எவ்வளவு வருகிறது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். அக்கா தூங்குறாங்க."

மூன்றாம் நாள் சௌந்தரம் சிரிக்கிற சத்தம் மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்டது. இருமிக்கொண்டே சிரித்தாள். எத்தனையோ மாதமாக நான் கேட்காத சத்தம். மீன் பெட்டிக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு சிரிப்பதற்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

அதைவிட அக்கிரமம், அந்த நாற்றம். இரண்டாம் நாளிலிருந்தே ஆரம்பித்துவிட்டது. வழக்கமான மீன் வாடை இல்லை. அழுகல். குடலைப் பிடுங்குகிற அழுகல். மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் நடமாடினேன். என்னடா என்று பார்த்தால் கலியபெருமாள் கூடை கூடையாக மீனைக் கொண்டுபோய்க் குழிவெட்டிக் கொட்டுகிறான். வஞ்சிரம், வவ்வால், எல்லாம் கூழாக. ஃப்ரீசரும் மெஷினும் சேர்ந்தால் வோல்ட் இறங்குகிறதாம். நான் சொன்னேன் அல்லவா, அளவு குறைகிறது என்று? அதனால் ஃப்ரீசரை அணைத்துவிட்டானாம், நாலு நாளும். யார் அணைக்கச் சொன்னது? அணைத்தால் அழுகும் என்று தெரியாதா? சுகாதாரக் கேடு, சார். நகராட்சிக்கு எழுதிப் போட்டேன். வேறு யார் எழுதுவார்கள் அந்தத் தெருவில்? கையெழுத்தோடுதான் எழுதினேன். நான் மொட்டைக் கடிதாசி போடுகிறவன் இல்லை.

ஐந்தாம் நாள் கரண்ட் வந்தது. சௌந்தரத்தைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார்கள். நாற்காலியிலேயே வந்தாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் கிட்டே வந்ததும் எனக்கு... எப்படிச் சொல்வது... தலைமுடியில், புடவையில், மூக்குக் குழாயில்கூட அந்த வாடை. அவள் வாடையே இல்லை. யாரோ மாதிரி இருந்தது. "குளித்துவிட்டு உள்ளே வா" என்றேன்.

அதில் என்ன தப்பு? சாவு வீட்டுக்குப் போய்வந்தால் குளிப்பதில்லையா? வெந்நீர்கூட நானே போட்டுக் கொல்லையில் கொண்டுபோய் வைத்தேன். அந்த வெந்நீரை நானே தூக்கினேன், சார்.

"மெசின் குளிக்கிற எடத்துக்கு வராதுங்க" என்றாள்.

"அஞ்சு நிமிஷம்தானே?"

அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். அஞ்சலை போகாமல் அங்கேயே நின்றாள். என்னைப் பார்த்துத் துப்பினாள். என் மேல் இல்லை, தரையில்தான். என் வாசலில். அப்படிப்பட்ட ஜனங்கள். பிறகு தன் செல்போனை எடுத்து சௌந்தரத்திடம் கொடுத்தாள். சௌந்தரம் தன் தம்பியைக் கூப்பிட்டாள்.

குஞ்சிதபாதம் என்று பெயர், குஞ்சு என்போம். பம்புசெட் ரிப்பேர் பண்ணுகிறவன், நகத்தில் எப்போதும் கிரீஸ். அன்றைக்கே காரோடு வந்துவிட்டான். "அத்தான், கொஞ்ச நாள் அக்கா எங்கூட இருக்கட்டும்" என்றான். நான் சௌந்தரத்தைப் பார்த்தேன். அவள், "நீங்க ஜெனரேட்டர் வாங்கிட்டுச் சொல்லுங்க, வரேன்" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, திட்டவில்லை. இது சண்டையா, நீங்களே சொல்லுங்கள்.

வாங்கிவிட்டேனா? அதற்குள் அவசரப்படுகிறீர்களே. பதினொன்றை மூன்றாகக் குறைத்திருக்கிறேன். திருச்சியில் ஒரு கடை சொல்கிறார்கள், அதையும் பார்த்துவிட்டால் நாலு. வெப்பத்தில் எத்தனை வோல்ட் குறைகிறது என்று சித்திரை வெயிலில் ஒரு தரம் ஓட்டிப் பார்க்கவேண்டும். தை மாதத்தில் எதுவும் நன்றாகத்தான் ஓடும். தையில் பார்த்து வாங்கிவிட்டுச் சித்திரையில் ஏமாறுவதா?

நேற்று குஞ்சுவின் பெண்டாட்டி போன் பண்ணினாள். "அண்ணே, அண்ணி அவங்க பொடவைய எல்லாம் கொண்டாரச் சொன்னாங்க." எல்லாம் என்றால் எத்தனை என்று கேட்டேன். "பீரோவுல இருக்கறது எல்லாம்." நான் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். போய்வருவதற்கு இரண்டு போதும்.

அந்தக் குஞ்சு என்ன செய்திருக்கிறான் தெரியுமா? அவளைக் கொண்டுபோன மறுநாளே ஒரு ஜெனரேட்டர் வாங்கிவிட்டான். பத்து நிமிஷத்தில். கடைக்குப் போனானாம், "ஸ்டார்ட் ஆவுமா?" என்று கேட்டானாம், ஆனதாம், வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டானாம். புளி வாங்குகிறவன்கூட ஒரு கொட்டையைப் பிதுக்கிப் பார்ப்பான். நான் போனில் கேட்டேன், எத்தனை வாட் என்று. "தெரியல அத்தான், அக்கா மெசின் ஓடுது" என்கிறான். கேட்கவே அருவருப்பாக இருக்கிறது.

அதனால்தான் பையில் இந்த மீட்டர். பலகையைத் தூக்கவில்லை, இது போதும். நாளைக் காலையில் அந்த ஜெனரேட்டரைப் போடச் சொல்லி, சௌந்தரம் பார்க்காத சமயத்தில் வைத்துப் பார்த்துவிடுவேன். ஒரு பத்து வோல்ட் குறையட்டும், கையோடு அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஏமாற்று ஜெனரேட்டர் இருக்கிற இடத்தில் ஒரு நோயாளியை எப்படி விட்டுவைப்பது? குஞ்சுவே ஒன்றும் சொல்ல முடியாது. நம்பர் நம்பர்தானே?

என்ன?

சரியாக இருந்தால் என்றா கேட்டீர்கள்?

சரியாக எப்படி இருக்கும்? முப்பத்தொரு வருஷம் பார்த்தவன் சொல்கிறேன். பதினோரு கடை ஏறியவன். எதுவும் சரியாக இருந்ததில்லை. கொஞ்சமாவது குறையும். இரண்டு வோல்ட்டாவது. இந்த ஒரு தடவை அது சரியாக இருக்கக்கூடாது, சார்... இருக்காது என்றேன். இருக்காது.

கொஞ்சம் அந்த ஜன்னலைத் திறந்துவிடுகிறீர்களா? எனக்கு மூச்சு முட்டுகிறது. இந்தப் பஸ்ஸில் என்ன நாற்றம் இது.